ரத்தத்தில் கால்சியம் கூடினால்: பாராதைராய்டு நோயில் நாம் செய்யும் தவறுகள்

என் ஃபைலில் ஒரு பழைய தாள் இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு லேபில் எடுத்த மாஸ்டர் செக்கப். சர்க்கரை, கொழுப்பு, யூரியா எல்லாம் வரிசையாக இருக்க, நடுவில் ஒரு வரி: கால்சியம் 11.3. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தத் தாளை இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். இருவரும் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்கள். நானும் அந்த வரியைக் கவனிக்கவில்லை. அதன்பின் நாலு வருடம் போனது. இரண்டு முறை கல்லடைப்பு, பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிவு. எல்லாவற்றுக்கும் காரணம் கழுத்துக்குள் இருந்த ஒரு சின்னக் கட்டி என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நாலு வருடத்தில் நான் செய்த தவறுகளையும், ஆஸ்பத்திரி வராண்டாக்களில் உடன் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். இது டாக்டருக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு உதவும்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. "பாராதைராய்டு" என்றதும் "எனக்கும் தைராய்டு இருக்குதும்மா, தினம் காலையில மாத்திரை போடறேன்" என்பார்கள். இது அது இல்லை. தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அரிசி மணி அளவில், பொதுவாக நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. அவைதான் பாராதைராய்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும். சிறுநீரில் வீணாகாமல் பிடித்து வைக்கும். வைட்டமின் டி-யைத் தூண்டி குடலிலிருந்தும் வாங்கும். கால்சியம் போதுமான அளவுக்கு வந்ததும் சுரப்பது அடங்க வேண்டும். நான்கில் ஒன்று கட்டியாக வீங்கி, அடங்காமல் சுரந்துகொண்டே இருப்பதுதான் இந்த நோய். பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே ஒரு சுரப்பிதான் இப்படிக் கெடுகிறது. அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. தைராய்டு டெஸ்ட் நார்மல் என்பதால் பாராதைராய்டும் நார்மல் என்று ஆகாது.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை மிக ஆபத்தான தவறு. "கால்சியம் அதிகம்னா நல்லதுதானே? எலும்பு கெட்டியா இருக்கும்." என் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், நானும் நம்பினேன். ரத்தத்தில் கூடியிருக்கும் கால்சியம் எலும்பிலிருந்து உருவப்பட்ட கால்சியம். ரத்தத்தில் ஏற ஏற எலும்பு வெறுமையாகிறது. அந்தக் கால்சியம் சிறுநீரகத்தில் போய்க் கல்லாகிறது. இடுப்பு வலி, கால் வலி, மாடிப்படி ஏற முடியாத அசதி, மலச்சிக்கல், ராத்திரி பல முறை சிறுநீர், மறதி, காரணமில்லாத மனச்சோர்வு எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே "வயசு ஆகுதுல்ல" என்று முடிந்துவிடும். என் வயது அப்போது 43.

இந்த அசதிக்கும் கால் வலிக்கும் நம் ஊரில் உடனே கிடைப்பது கால்சியம் மாத்திரையும், ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மீறிய வைட்டமின் டி தானாகவே ரத்தக் கால்சியத்தை ஏற்றிவிடும். ஏற்கெனவே பாராதைராய்டு கட்டி இருப்பவருக்கு இன்னும் மோசம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கால்சியம் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் பால், தயிர், கேழ்வரகுக் களி, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. நான் மூன்று மாதம் களியைத் தொடவில்லை. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பைக் கரைக்கும். வழக்கமான சாப்பாடு போதும். கூடுதல் மாத்திரைதான் வேண்டாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதையும் சரிசெய்தாக வேண்டும், ஆனால் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, டாக்டர் சொல்லும் அளவில். நம் நாட்டில் இந்த நோயோடு வருகிற பலருக்கும் வைட்டமின் டி குறைவு கூடவே இருக்கிறது. அந்தக் குறைவு ரத்தக் கால்சியத்தை நார்மல் போலக் காட்டி நோயை மறைத்துவிடவும் செய்யும்.

இனி எண்களுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள்.

ரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருப்பது நார்மல். லேபுக்கு லேப் சிறிது மாறும். பி.டி.எச். பெரும்பாலான லேபுகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 15 முதல் 65 பிகோகிராம். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பது தவறு. கால்சியம் 11.3 இருக்கும்போது ஆரோக்கியமான சுரப்பி வாயை மூடிக்கொள்ள வேண்டும், பி.டி.எச். மிகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எனக்கு அது 58. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி இல்லை, "நார்மல்" என்றே அச்சாகியிருந்தது. அந்த நார்மலே நோயின் அடையாளம். இதைச் சொல்லித்தந்த நாளமில்லாச் சுரப்பி டாக்டரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே முறை எடுத்த ரத்தத்தில் பாருங்கள். கூடவே அல்புமின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.8 கூட்டிப் படிப்பது வழக்கம். கால்சியம் 10.2, அல்புமின் 3 என்றால், உண்மையில் 11. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி நெடுநேரம் விட்டாலும் கால்சியம் கூடுதலாகக் காட்டும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அதை மறந்துவிடவும் வேண்டாம். மறுபடி ஒரு முறை எடுங்கள். பி.டி.எச். சாதாரண சூட்டில் சீக்கிரம் சிதைகிற ஹார்மோன். சாம்பிளை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் சின்ன லேபை விட, அங்கேயே பரிசோதிக்கும் இடம் நல்லது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். சில பிரஷர் மாத்திரைகளில் தயசைடு என்ற நீர் மருந்து கலந்திருக்கும், அது கால்சியத்தை ஏற்றும். மனநலத்துக்குத் தரும் லித்தியமும் அப்படித்தான். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் சில லேப் முறைகளில் பி.டி.எச். அளவைத் தவறாகக் குறைத்துக் காட்டும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சொன்னால் போதும், டாக்டர் பார்த்துக்கொள்வார்.

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையைச் சள்ளை என்று தட்டிக்கழிப்பவர்கள் அதிகம். பரம்பரையாக வரும் வேறு ஒரு நிலை இருக்கிறது. அதிலும் கால்சியம் சற்றே கூடும், பி.டி.எச். இறங்காது. ஆனால் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும். அதற்கு அறுவை தேவையில்லை, செய்தாலும் பலனில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சிறுநீர் பிடிக்கும் கேன்தான். முதல் நாள் காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு துளி விடாமல் பிடிக்க வேண்டும். நான் லீவு போட்டு வீட்டிலிருந்து பிடித்தேன்.

கல்லடைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூர் வெயில் தெரிந்ததே, கத்திரியில் 40 டிகிரி தாண்டுகிற ஊர். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களும் பஸ்ஸில் நெடுந்தூரம் போகும் டீச்சர்களும் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் இங்கே கல் வந்தால் "தண்ணி குடிக்கல, அதான்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வாழைத்தண்டு சாறு, பிறகு டியூப், பிறகு லேசர். என் கல்லை இரண்டு முறை எடுத்தார்கள், ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது முறை கல் வந்தால், இரண்டு பக்கமும் கல் இருந்தால், சின்ன வயதிலேயே வந்தால் ரத்தக் கால்சியம் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். அது விலை குறைந்த டெஸ்ட். காரணம் தெரியாத கணைய அழற்சிக்கும் இதே வார்த்தைதான். பிறந்த குழந்தைக்குக் கால்சியம் குறைந்து வலிப்பு வந்தால் தாய்க்கும் பார்க்க வேண்டும். தாயின் நோய் அப்படி வெளிப்பட்ட குடும்பங்கள் உண்டு.

நம் ஊர்க்காரர்கள் செய்கிற இன்னொரு தவறு, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பதால் வருவது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி.க்கு இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். இரண்டு நாள் ரயிலில் வருகிறவர் பத்து வருடத்து ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவருகிறார். குடியாத்தத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் வருகிற நாம் ஒரு மஞ்சள் பையில் நாலு தாளோடு போகிறோம். கல்லுக்கு ஓரிடம், எலும்புக்கு ஓரிடம், வயிற்றுக்கு ஓரிடம் என்று பிரிந்து போவதால் யாரிடமும் முழுக்கதை இல்லை. ஒரே ஃபைல் வையுங்கள். முதல் பக்கத்தில் தேதி, கால்சியம், அல்புமின், பி.டி.எச்., வைட்டமின் டி, கிரியேட்டினின் என்று கட்டம் போட்டு எழுதுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால் முதுகு, இடுப்போடு முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோய் முன்கை எலும்பைத்தான் அதிகம் அரிக்கும்.

ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நோயைச் சொல்வது ரத்தம். கட்டி எங்கே இருக்கிறது என்று சர்ஜனுக்குக் காட்டத்தான் ஸ்கேன். அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்ல்ஸ் மார்ட்டெலுக்கு ஆறு முறை அறுவை செய்தும் கட்டி கிடைக்கவில்லை. 1932-ல், ஏழாவது முறை, நெஞ்சுக்குள் கிடைத்தது. அதற்குள் எலும்புகள் நொறுங்கி அவர் உயரமே பல அங்குலம் குறைந்திருந்தது. அவரால் பிழைக்க முடியவில்லை. இன்று அல்ட்ராசவுண்ட், செஸ்டமிபி, 4டி சி.டி. எல்லாம் இருந்தும் சிலருக்கு ஒன்றிலும் தெரியாது. அப்போதும் அனுபவமுள்ள சர்ஜன் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அனுபவமுள்ள என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதினேன். இந்த நோயை முழுதாகக் குணப்படுத்துவது அறுவை ஒன்றுதான். சினகால்செட் என்ற மாத்திரை கால்சியத்தை இறக்கும், எலும்பைக் காப்பாற்றாது. எலும்பு மாத்திரைகள் எலும்பைக் கொஞ்சம் தாங்கும், கால்சியத்தை இறக்காது. அறுவையை அடிக்கடி செய்கிறவர் கையில் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. எப்போதாவது ஒன்று செய்கிறவரிடம் போவதை விட, நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனிப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். "வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. காப்பீட்டுக் கார்டு இருந்தால் இந்த அறுவை அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். கழுத்தில் கத்தி என்று நான் ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். தழும்பு இன்று செயின் கோட்டுக்குள் மறைந்துவிட்டது. உடைந்த மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. 50 வயதுக்குள் இருந்தாலோ, கல், எலும்பு முறிவு, சிறுநீரகக் குறைவு இருந்தாலோ, கால்சியம் நார்மலின் மேல் எல்லையை விட 1-க்கு மேல் கூடியிருந்தாலோ தொந்தரவே தெரியாவிட்டாலும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் வாந்தி, பேதியால் உடம்பு வற்றிப்போக விடாதீர்கள். கால்சியம் 14-ஐத் தாண்டி, வாந்தி, குழப்பமான பேச்சு, அதிகத் தூக்கம் வந்தால் ராத்திரி என்றாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவர்களின் கதை வேறு. அங்கே சுரப்பி கெட்டதால் நோய் வரவில்லை, சிறுநீரகம் கெட்டதால் சுரப்பி வீங்குகிறது. பி.டி.எச். 300 என்று பார்த்ததும் அவர்கள் பதற வேண்டியதில்லை. அவர்களுக்கு நார்மலின் மேல் எல்லையைப் போல இரண்டு முதல் ஒன்பது மடங்கு வரை ஏற்கப்படுகிறது. அவர்கள் செய்கிற பெரிய தவறு, பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவது. சாப்பாட்டோடு போட்டால்தான் அது வேலை செய்யும்.

அறுவை முடிந்த மறுநாளே "எல்லாம் சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கிளம்பத் துடிப்பது கடைசித் தவறு. பசியோடிருந்த எலும்புகள் ரத்தத்திலிருந்து கால்சியத்தை வாரி இழுக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை இழுப்பு வரும். எலும்பு மிகவும் கெட்டிருந்தவர்களுக்கு இது வாரக்கணக்கில் நீளும். அறுவைக்கு முன் விஷமாக இருந்த அதே கால்சியம் மாத்திரை இப்போது அவசியம். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். எனக்கு மூன்றாம் நாள் ராத்திரி உதடு மரத்தது. டூட்டி நர்ஸ் தங்கச்சி ஓடிவந்து ஊசி போட்டார்கள். வீட்டில் இருந்திருந்தால் "அசதி, தூங்கு" என்றிருப்பார்கள். ஆறு மாதம் கழித்தும் கால்சியம் நார்மலாக இருந்தால்தான் குணம் என்று கணக்கு. அதன் பிறகும் வருடம் ஒரு முறை கால்சியம் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளில் யாருக்காவது கல், கணையக் கட்டி, மூளைக்கு அடியில் பிட்யூட்டரிக் கட்டி இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கும் ஒரு கால்சியம் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.