‘இப்பல்லாம் எதையுமே பேச முடியல’ என்பவரோடு பேசுவது எப்படி

கல்யாண வீட்டுப் பந்தியிலோ தீபாவளிக்கு மறுநாள் மத்தியானமோ யாராவது ஒருவர் இந்த வரியைச் சொல்லிவிடுவார். "கவுண்டமணி செந்தில் காமெடியெல்லாம் இன்னைக்கு எடுக்க முடியுமா? ஆளாளுக்குக் கேஸ் போடுவாங்க." உடனே காலேஜ் முடித்த பெண் ஒருத்தி "அது காமெடியே இல்ல சித்தப்பா" என்பாள். அப்புறம் பாயசம் வரும்வரை சண்டைதான். இந்தச் சண்டையைப் பல வருஷமாகப் போட்டிருக்கிறேன், உறவு கெட்டதும் உண்டு, ஒருவர் மனசு மாறிப் பார்த்ததும் உண்டு. எப்படிப் போனால் பேச்சு உருப்படியாக முடிகிறது என்று எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை, யாரையும் புண்படுத்தாத சொல்லாகப் பார்த்துப் பேசுவதற்கு வைத்த ‘பொலிட்டிக்கல் கரெக்ட்னெஸ்’ என்ற பெயரையே பேச்சிலிருந்து எடுத்துவிடுவது. அமெரிக்காவில் 1970, 80களில் இடதுசாரிகள் தங்களுக்குள் ரொம்பக் கறாராக இருப்பவர்களைச் சீண்டுவதற்கு வைத்திருந்த சொல் அது. 1990 வாக்கில் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன, 1991 மே மாதம் அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது மூத்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இதனால் பேச்சுரிமைக்கே ஆபத்து என்று பேசினார். அதிலிருந்து அது கட்சி கட்டுகிற சொல்லாகிவிட்டது. ஒருவர் ‘மரியாதை’ என்ற பொருளில் சொல்லுவார், எதிரே இருப்பவர் ‘வாய்ப்பூட்டு’ என்ற பொருளில் கேட்டுக்கொள்வார். ‘அரசியல் சரித்தன்மை’ என்று தமிழில் எழுதினாலும் இதே கதைதான். எல்லை மீறிவிட்டதா இல்லையா என்று மொத்தமாகக் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசினாலும் முடியாது.

அதனால் ஒரே கேள்வி கேளுங்கள். "எந்தச் சொல்லைச் சொல்ல முடியலைங்கிறீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." இதைக் குத்தலாகக் கேட்கக் கூடாது, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்க வேண்டும். பாதிப் பேரிடம் சட்டென்று பதில் வராது, அப்போது அவர்களுடைய கோபம் வேறு எதன் மேலோ இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அதைப் பேசலாம். மீதிப் பேர் ஒரு சொல்லைச் சொல்வார்கள். வேலை அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் ‘காலனி’. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில், இந்தச் சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசையாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா பேப்பரை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, "காலனின்னா குடியிருப்பு. இங்கிலீஷ் வார்த்தை. இதுல என்னடா தீண்டாமை இருக்கு? மெட்ராஸ்ல உன் மாமா இருக்கிறதே பேங்க் காலனிதானே?" என்றார்.

அகராதிப்படி அவர் சொன்னது சரி. நான் மறுக்கவில்லை. "போன வாரம் தேங்காய் உரிக்க ஆள் கூப்பிட்டீங்களே பெரியப்பா, என்னன்னு சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"காலனிப் பையனை வரச் சொல்லுன்னேன்."

"அவருக்கு என்ன வயசு இருக்கும்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "என்னைவிட ரெண்டு வயசு சின்னவன் இருப்பான்." பெரியப்பாவுக்கு அறுபத்து நான்கு. மாமாவை யாராவது ‘காலனி ஆளு’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் இன்னொன்றும் தெரியவந்தது, நாற்பது வருஷமாகத் தோட்டத்துக்கு வந்துபோகிற அந்த மனிதரின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெரியம்மா உள்ளேயிருந்து ஒரு பெயர் சொன்னார், அது அந்த மனிதருடைய அண்ணன் பெயர். எனக்கும் தெரியாதுதான், அது இன்றுவரை உறுத்துகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, சொல்லுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, யாரைப் பார்த்து, யார் வாயால், எந்த வேலையின்போது அது வருகிறது என்று கேட்டதுதான். ‘சேரி’ என்ற சொல்லும் அப்படித்தான், பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழ்கிற இடம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, வேளச்சேரியும் புதுச்சேரியும் இன்றும் சாட்சி. ஆனால் "சேரியிலிருந்து வர்றான்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் சங்க இலக்கியத்திலிருந்தா பேசுகிறார்?

இந்த இடத்தில் எதிரே இருப்பவர் தன்னுடைய பலமான வாதத்தை எடுப்பார். "சேரின்னா தப்புன்னு காலனின்னீங்க, இப்ப காலனியும் தப்புங்கிறீங்க. நாளைக்கு வைக்கிற பேரும் தப்பாகும். பேரை மாத்தினா சாதி போயிடுமா?" இதை அலட்சியமாகத் தட்டிவிடாதீர்கள். பாதி உண்மை. சுடுகாட்டுப் பாதையும் குடிதண்ணீர்த் தொட்டியும் அப்படியே இருந்தால் புதுப் பெயரும் பத்து வருஷத்தில் வசையாகிவிடும். ஒப்புக்கொள்ளுங்கள், வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள், அப்போதுதான் அடுத்த கேள்வியை அவர் காது கொடுத்துக் கேட்பார்.

அடுத்த கேள்வி இது: அந்தப் பெயரை வைத்தது யார்? என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தீண்டாமைக்கு ஆளான மக்களுக்கு ‘ஹரிஜன்’, அதாவது கடவுளின் பிள்ளைகள், என்ற சொல்லைக் காந்தி பரப்பினார், 1933இல் அந்தப் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். நல்ல எண்ணம்தான். ஆனால் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, மற்றவர்கள் எல்லாம் அப்போது யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வி அதிலேயே இருக்கிறதே. 1982இல் மத்திய அரசே சாதிச் சான்றிதழ்களில் அந்தச் சொல்லைப் போடாதீர்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது, 2017இல் உச்ச நீதிமன்றம் அது இன்று இழிவுபடுத்தும் சொல்லாகவே பயன்படுகிறது என்றது. இதன் பக்கத்தில் ‘ஆதிதிராவிடர்’ என்பதை வைத்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி.ராஜா போன்றவர்கள் எங்களை இப்படி அழையுங்கள் என்று தாங்களே கேட்டுப் போராடி, 1922இல் சென்னை மாகாண அரசை ஏற்க வைத்த பெயர். நூறு வருஷம் தாண்டியும் அரசுத் துறையின் பெயரில் அது நிற்கிறது. அந்தப் பெயரைவிடத் ‘தலித்’ என்பதையோ வேறு பெயரையோ விரும்புகிறவர்கள் உண்டு, அது அவர்களுக்குள் நடக்கிற பேச்சு, வெளியில் இருக்கும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

இலங்கையில் ‘தோட்டக்காட்டான்’ என்று ஏளனமாகச் சொல்லப்பட்டவர்கள் தங்களை ‘மலையகத் தமிழர்’ என்று சொல்லிக்கொள்வதும் இதே வரிசைதான்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பயன், மரியாதை என்ற பெயரிலேயே தப்பு நடக்கும்போதும் அது பிடித்துக் கொடுக்கும். 2018 ஆகஸ்டில் மத்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை, ‘தலித்’ என்று சொல்லாமல் ‘பட்டியல் சாதி’ என்று சொல்லுங்கள் எனத் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணியமான சொல் தேடுவதுபோல இருக்கும். ஆனால் தலித் என்பது அந்த மக்கள் தங்கள் வலியையும் போராட்டத்தையும் சேர்த்துத் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர், அதைப் பிடுங்குவது எந்த வகை மரியாதை? 2015 டிசம்பரில் பிரதமர் மோடி மாற்றுத்திறனாளிகளைத் ‘திவ்யாங்’, தெய்வீக உறுப்பு உடையவர்கள் என்று அழைக்கலாம் என்றபோது, ஊனமுற்றோர் அமைப்புகள் பல எதிர்த்தன, எங்களுக்குத் தெய்வீகம் வேண்டாம், சாய்தளமும் வேலையும் வேண்டும் என்கிற நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டையும் உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். எல்லை மீறுவது நிஜமாகவே நடக்கிறது என்று நீங்கள் ஒப்புக்கொள்வதை அவர் அநேகமாக முதல் தடவையாகக் கேட்பார்.

வீட்டுக்குள்ளும் மீறுகிறோம். என் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, காது மந்தம். பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, "எனக்குக் காது டமாரம்டா, சத்தமா பேசு" என்றார். பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரன், நல்ல பையன், அக்கறையோடுதான் சொன்னான், "அப்படிச் சொல்லக்கூடாது பாட்டி, செவித்திறன் குறைபாடுன்னு சொல்லணும்." அத்தை முகம் சுருங்கிவிட்டது. தன் காதைப் பற்றித் தன் வீட்டில் தான் சொன்ன வார்த்தைக்குத் திருத்தம். சாயங்காலம் வரை பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. அத்தனை நேரமும் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் போதும், அவர் கேட்டது அதைத்தான். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லைத் திருத்தாதீர்கள். அதே சொல்லை நீங்கள் எடுத்து அவர் மேல் போடவும் செய்யாதீர்கள்.

அப்புறம், சொல் வேறு, அதற்குக் கிடைக்கிற தண்டனை வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். "ரொம்ப ஓவராப் போயிட்டாங்க" என்று சொல்பவரிடம் மெதுவாகத் தோண்டினால், பல சமயம் அவருக்கு அந்தச் சொல்லை விடுவதில் கஷ்டமே இருக்காது, பத்து வருஷத்துக்கு முன் எழுதியதைக் கிளறி ஒருவரை ஆயிரம் பேர் சேர்ந்து அடிப்பதுதான் பயமாக இருக்கும். அந்தப் பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. தெரியாமல் சொன்னவருக்கும் தெரிந்தே குத்தியவருக்கும் ஒரே அடி கொடுப்பது அநியாயம். ஆனால் சட்டம் எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொதுவெளியில் வேண்டுமென்றே அவர்களை இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. அவமானப்படுத்தும் நோக்கம் இருந்தால்தான் இவை பாயும். வாய் தவறிச் சொன்ன சொல்லுக்குப் போலீஸ் வராது.

காமெடிக்கு வருவோம், ஏனென்றால் பேச்சு எப்படியும் அங்கே திரும்பி வரும். 2024 ஜூலையில் ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு ஒரு நல்ல பிரிவினை செய்து கொடுத்தது. ஊனத்தோடு வாழும் வாழ்க்கையைப் புரிய வைக்கும் நகைச்சுவை ஒன்று, ஊனமுற்றவரை மட்டம் தட்டும் நகைச்சுவை இன்னொன்று, இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்றது. படத்தில் கை வைக்கவும் மறுத்தது. நான் இதை வீட்டில் இப்படிக் கேட்பேன்: அந்தக் காட்சி ஓடும்போது, திரையில் கேலி செய்யப்படுகிற மாதிரியே இருக்கிற ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், நாம் அவர் பக்கம் திரும்பிச் சிரிப்போமா, திரும்பாமல் இருப்போமா? பல பழைய காட்சிகள் இதில் தாராளமாகத் தேறிவிடும். கறுப்பு நிறத்தையும் நொண்டுவதையும் மட்டுமே வைத்து எடுத்தவை தேறாது. அவற்றை யாரும் தடை செய்யச் சொல்லவில்லை, சிரிப்பு வரவில்லை என்று சொல்லும் உரிமை மட்டும்தான் கேட்கிறார்கள்.

கடைசியாக, உங்களையே ஒருவர் திருத்தும்போது. 2008இல் தமிழக அரசு வாரியம் அமைத்தபோது அதன் பெயரே ‘அரவாணிகள் நல வாரியம்’தான், அப்புறம் ‘திருநங்கை’ வந்தது, திருநங்கை என்றால் நாங்கள் எங்கே என்று, பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள் கேட்டார்கள், இப்போது இருவரையும் சேர்த்துச் சொல்லத் ‘திருநர்’ இருக்கிறது. நீங்கள் பழைய சொல்லைச் சொல்லிவிட்டால் "மன்னிச்சிடுங்க, திருநர்" என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருந்த விஷயத்தைத் தொடருங்கள். எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று பத்து நிமிஷம் விளக்கம் கொடுத்தால், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழுகிறது. வாட்ஸ்ஆப் குரூப்பில் திருத்த நேர்ந்தால் நாற்பது பேர் முன்னால் வேண்டாம், போன் போடுங்கள், முதலில் சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள்.