தகவல் உரிமைப் பயிற்சியை ஜூமில் நடத்துவது எப்படி?

பொது நிர்வாகத் துறைகள் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இணையவழியில் கற்றுத்தர 90 நிமிடம் போதும். முதல் 25 நிமிடம் உரை, மீதி முழுக்க மனு எழுதும் பயிற்சி. உரை நீண்டால் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும்; கட்டணக் கணக்கு அவசியம்.

பங்கேற்பாளர்களை ஐந்தைந்து பேராக ஜூமின் தனி அறைகளில் (breakout rooms) பிரித்து, ஆளுக்கொரு மனு எழுதச் சொல்லுங்கள். பலரும் "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்றே எழுதுவார்கள். இங்கேதான் மனு தோற்கிறது. கையில் உள்ள தகவலைத்தான் அதிகாரி தர முடியும். விளக்கம் சொல்லும் கடமை அவருக்கில்லை. "2023-24இல் எங்கள் தெருச் சாலைப் பணிக்கான பணி ஆணை, அளவுப் புத்தக நகல் தருக" என்று மாற்ற வையுங்கள். (அளவுப் புத்தகம் என்பது முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு.) 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் மாதிரியையும் அன்றே அனுப்பிவிடுங்கள்.