இடம்பெயர்ந்த சிக்கானோ மக்களின் மறைநூல் வாசிப்பை ஆராயும் முறை

சிக்கானோ என்போர் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர்; அவர்களின் மறைநூல் வாசிப்பை ஆராயும்போது, நூலிலிருந்து அல்லாமல் நிலத்திலிருந்து தொடங்குங்கள். 1848ஆம் ஆண்டின் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் மெக்சிகோவின் வடபகுதி அமெரிக்காவின் வசமானபோது, அங்கு வாழ்ந்தவர்கள் ஊரைவிட்டு நகராமலேயே அந்நியராயினர். லாஸ் ஏஞ்சலிசின் சாவேஸ் ரவீன் பகுதியிலோ 1950களில் குடும்பங்கள் வீடுகளை இழந்து வெளியேற்றப்பட்டன. இவ்விரு இழப்புகளும் ஒன்றல்ல என்பதால், எந்த இழப்பைச் சுமப்பவர்கள் வாசிக்கிறார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறைநூல் என்றால் விவிலியம் மட்டுமே என்று கருதிவிடாதீர்கள். 1649இல் மெக்சிகோ பழங்குடியினரின் நாவாட்ல் மொழியில் அச்சான ‘நிக்கான் மோப்போவா’ என்ற படைப்பில், 1531ஆம் ஆண்டு மெக்சிகோவின் தெபேயாக் குன்றில் தோன்றும் மரியன்னை (குவாதலூப்பே அன்னை), ஹுவான் தியேகோ என்னும் எளிய பழங்குடியினரிடம் அவருடைய தாய்மொழியிலேயே பேசி, தாம் தகுதியற்றவர் என்று தயங்கும் அவரையே ஆயரிடம் தூது அனுப்புகிறார். பள்ளியில் ஸ்பானியம் பேசியதற்காகத் தண்டனை பெற்ற சிக்கானோ பிள்ளைகளுக்கு இக்காட்சி எத்தகைய தலைநிமிர்வைத் தந்திருக்கும்! ஆகவே, உங்கள் நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குவது தகும் என்பேன்.

வாசிப்பு செயலாகும் தருணங்களையும் கவனியுங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை நடைபெறும் லாஸ் பொசாதாஸ் என்னும் கிறிஸ்துமஸ் முன்விழாவில், தங்க இடம் தேடி அலையும் யோசேப்பையும் மரியாவையும் போல மக்கள் கதவுகளைத் தட்டுகிறார்கள். 1966இல் கலிபோர்னியாவின் டெலானோவிலிருந்து சாக்ரமென்டோவுக்கு நடந்த பண்ணைத் தொழிலாளர்கள் குவாதலூப்பே அன்னையின் கொடியை ஏந்தி, உயிர்ப்பு ஞாயிறன்று அங்கே நடைப்பயணத்தை நிறைவுசெய்தனர்.

நேர்காணலில் வசனத்தின் பொருளைக் கேட்காமல், அதை முதலில் யார், எந்த மொழியில், எந்த வீட்டில் வாசித்துக் காட்டினார் என்று கேளுங்கள்.