எல்லைக்கு அந்தப் பக்கத்து டாக்டர் மீது புகார்: எங்கே தவறுகிறோம்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் வண்டி கோயம்புத்தூருக்குத்தான் கிளம்பும். சிகிச்சையில் தப்பு நடந்ததாகத் தோன்றினால் புகார் மட்டும் திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரள மருத்துவ கவுன்சிலுக்குப் போகும், வீடு கேரளத்தில் இருக்கிறதே என்று. முதல் தவறு அதுதான். டாக்டரின் பெயர் எந்த மாநிலப் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்த மருத்துவ கவுன்சில்தான் அவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியும். கோவை டாக்டர் என்றால் பெரும்பாலும் அது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி, அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சித்தா, ஹோமியோபதி டாக்டர்களுக்குக் கவுன்சிலே வேறு.

நஷ்டஈடு கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அது ஒரு பைசா வாங்கித் தராது. டாக்டரை எச்சரிக்கலாம், பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது கோவை ஆஸ்பத்திரி மேல் பாலக்காட்டில். ஆனால் கெடு 2 வருடம். கவுன்சில் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அது கைநழுவிவிடும். புகாரை 6 மாதத்தில் கவுன்சில் முடிக்க வேண்டும் என்கின்றன டாக்டர்களின் நடத்தை பற்றிய 2002 விதிகள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கவுன்சில் புகார், நுகர்வோர் வழக்கு இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் இணைத்து அனுப்புவதும் வீண்வேலை. விசாரணையில் பேசப்போவது கேஸ் ஷீட், சம்மதப் படிவம், டெஸ்ட் ரிப்போர்ட்டுகள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், உள்நோயாளி பதிவுகளை 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். கேட்டதற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம், ‘கொன்றுவிட்டார்கள்’ என்று நாலு பக்கம் எழுதுவது. கோபம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் கவுன்சிலுக்கு வேண்டியது தேதி, நேரம், யார் என்ன செய்தார் என்பது. டாக்டர் வக்கீலோடு வந்து பதில் சொல்லலாம், தேதியில்லாத குற்றச்சாட்டு அங்கே நிற்காது. சிகிச்சையின் முடிவு மோசமாகிவிட்டது என்பதாலேயே அது ஒழுங்கீனம் ஆகிவிடாது. சம்மதம் வாங்காமல் ஆபரேஷன், பொய்ச் சான்றிதழ், நோயாளியை அனுப்பி வைத்ததற்குக் கமிஷன், இவையெல்லாம் கண்டிப்பாக ஒழுங்கீனம்.

கவுன்சிலின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேலே போய்க்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் மேல்முறையீட்டு வழியை டாக்டருக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது, நோயாளியைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. நமக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது உயர் நீதிமன்றம்.