முட்டை நுரைக்கவில்லையா? விஸ்க் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேக் கல்லாக வந்தால் ஓவனைக் குறை சொல்கிறோம். க்ரீம் நிற்காவிட்டால் வாங்கிய பிராண்டைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, கிண்ணத்தில் விஸ்க் (முட்டை, க்ரீம் அடிக்கும் கம்பிக் கரண்டி) ஓடும்போதே நடந்து முடிந்திருக்கும்.

விஸ்க்குக்கு முக்கியமாக இரண்டு வேலை. காற்றை உள்ளே ஏற்றுவது ஒன்று. கட்டியை உடைத்துச் சீராகக் கரைப்பது மற்றொன்று. இந்த இரண்டில் இப்போது எது வேண்டும் என்று யோசிக்காமல் அடிக்கத் தொடங்குவதுதான் அடிப்படைத் தவறு. காற்று வேண்டிய இடத்தில் சும்மா கிண்டிவிடுகிறோம், காற்றே வேண்டாத இடத்தில் கை வலிக்க அடிக்கிறோம்.

அதிகம் கெடுவது வெள்ளைக்கருதான், அதனால் அதையே முதலில் பார்ப்போம். வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம். கம்பிகள் ஓட ஓட, சுருண்டு கிடக்கும் புரதம் விரிந்து, காற்றுக் குமிழ்களைச் சுற்றி ஒன்றோடொன்று பிணைந்து மெல்லிய சுவராக நிற்கிறது. சரியாக அடித்தால் எட்டு மடங்கு வரை உப்பும். இந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்வது கொழுப்பு. மஞ்சள் கரு துளி விழுந்தாலும் நுரை வருவது சிரமம். அதனால் நாலைந்து முட்டைகளை நேராகப் பெரிய கிண்ணத்திலேயே உடைத்து ஊற்றாதீர்கள். ஒவ்வொன்றையும் சின்னக் கிண்ணத்தில் பிரித்து, சுத்தமாக இருந்தால் மட்டும் பெரியதில் சேருங்கள். குளிர்ந்த முட்டையில் கரு உடையாமல் பிரியும். அறைச்சூட்டுக்கு வந்த வெள்ளைக்கரு சீக்கிரம் நுரைக்கும். ஆகவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே வைத்து அடிப்பதுதான் முறை.

பலர் கவனிக்காதது கிண்ணம். பிளாஸ்டிக் பாத்திரத்தை எவ்வளவு தேய்த்தாலும் எண்ணெய்ப்பசை முழுக்கப் போகாது. அலுமினியத்தில் அடித்தால் நுரை சாம்பல் நிறம் காட்டும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிதான் நல்லது. ஈரம் ஒட்டாமல் துடைத்து, எலுமிச்சைத் துண்டால் உள்பக்கத்தை ஒருமுறை தேய்த்துவிட்டால் மிச்சமிருக்கும் பிசுக்கும் போய்விடும். பிரெஞ்சு சமையல்காரர்கள் காலங்காலமாகச் செம்புக் கிண்ணத்தில் அடிப்பதற்கும் காரணம் உண்டு. செம்பு அணுக்கள் வெள்ளைக்கருவிலுள்ள ஒருவகைப் புரதத்தோடு சேர்ந்து நுரையைக் கெட்டிப்படுத்துகின்றன. ஹெரால்டு மெக்கீ என்ற உணவு அறிவியல் எழுத்தாளரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1984இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். நமக்குச் செம்புக் கிண்ணம் தேவையில்லை. சில சொட்டு எலுமிச்சைச் சாறும் நுரையை நிற்கவைக்கும்.

அடிக்கும்போது கண் நுரையிலேயே இருக்கட்டும். முதலில் சோப்பு நுரை மாதிரி பெரிய பெரிய குமிழ்கள். பிறகு குமிழ் சிறுத்து, நிறம் வெளுத்து, விஸ்க் போன தடம் தெரியத் தொடங்கும். விஸ்க்கைத் தூக்கினால் நுனி எழுந்து வளைந்து விழும். சர்க்கரையைச் சேர்க்கத் தொடங்க வேண்டிய கட்டம் இதுதான், அதுவும் ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனாக. ஆரம்பத்திலேயே மொத்தமாகக் கொட்டினால் நுரை எழவே வெகுநேரம் ஆகும். இன்னும் அடித்தால் நுனி நிமிர்ந்து நிற்கும், மேல்பரப்பு பளபளக்கும். அங்கே நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று தொடர்ந்தால் பளபளப்பு போய், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் திட்டுத்திட்டாகி, அடியில் தண்ணீர் கசியும். புரதம் அளவுக்கு மீறி இறுகித் தான் பிடித்திருந்த நீரை வெளியே தள்ளிவிட்டது என்று அர்த்தம். பழைய பதத்துக்கு அதைத் திருப்புவது கடினம்.

க்ரீமின் கதை நேர்மாறு. அங்கே நுரையைத் தாங்குவதே கொழுப்பு, குறைந்தது 30 சதவீதமாவது வேண்டும். ஃப்ரெஷ் க்ரீம் என்று அட்டைப்பெட்டியில் விற்பதில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் இருக்கிறது. குருமாவுக்கு அது அருமை, ஆனால் கேக் மேல் நிற்காது. கையைக் குறை சொல்லாமல் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். அடுத்தது சூடு. சித்திரை மாதச் சென்னையில், அடுப்பு எரியும் சமையலறையில் க்ரீம் அடிக்கவே அடிக்காதீர்கள். கொழுப்பு இளகிவிட்டால் குமிழைப் பிடிக்காது. கிண்ணம், விஸ்க், க்ரீம் மூன்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தெடுத்து, கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் இருத்தி அடியுங்கள். வட்டமாகச் சுழற்றுவதைவிட, இடமும் வலமுமாக வேகமாக ஓட்டினால் சீக்கிரம் கெட்டியாகும். சுழற்றும்போது க்ரீமும் விஸ்க்கோடு சேர்ந்தே சுற்றுகிறது. இருபக்கமும் ஓட்டினால் எதிரெதிராக மோதுகிறது.

பால் க்ரீம் அளவுக்கு மீறிப்போய் மணல் மணலாகப் பிரிந்தால் கொட்ட வேண்டாம். கொழுப்பு உருண்டைகள் ஒட்டத் தொடங்கிவிட்டன; மத்தால் தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்வதும் இப்படித்தான். தொடர்ந்து அடித்து, வடிகட்டி, குளிர்ந்த நீரில் அலசினால் நல்ல வெண்ணெய்.

கேக் மாவில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அது அக்கறையால் நடக்கிறது. மைதா சேர்த்த பிறகு ஒரு கட்டிகூட இருக்கக் கூடாது என்று விடாமல் அடிக்கிறார்கள். மைதாவில் ஈரம் பட்டு அடிபட்டால் பசையம் (குளூட்டன்) வலுப்பெறும். புரோட்டாவுக்கு அதுதான் வேண்டும், கேக்குக்கு ஆகாது. இழுவையாக, உள்ளே குழாய் குழாயாக ஓட்டை விழுந்து வரும். அடிப்பதையெல்லாம் முட்டை, சர்க்கரை கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். மைதாவைச் சலித்துப் போட்டதும் விஸ்க்கை வைத்துவிட்டு ஸ்பாட்சுலாவை எடுங்கள். அடியிலிருந்து மேலாக மடித்து, வெள்ளை மாவு கண்ணில் படாமல் மறையும் வரை கலந்தால் போதும். வெள்ளைக்கரு நுரையைச் சேர்ப்பதானால் முதலில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டு மாவை இளக்கிக்கொண்டு, மீதியை மெதுவாக மடித்துச் சேருங்கள். கட்டி வெண்ணெயையும் சர்க்கரையையும் கைவிஸ்க்கால் குழைப்பதும் வீண் வேலை. எல்லாம் கம்பிகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மரக்கரண்டியோ மின்சார பீட்டரோதான் அதற்குச் சரி.

கட்டி உடைக்கும் வேலைக்கு வருவோம். கேழ்வரகுக் கூழோ கஸ்டர்டோ, கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டிவிட்டு விஸ்க்கால் துரத்துவது பலனில்லை. மாவுருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவு அப்படியே சிறைப்பட்டிருக்கும். பச்சைத் தண்ணீரிலோ ஆறிய பாலிலோ முதலில் கரைத்து, பிறகு ஊற்றிக்கொண்டே அடியுங்கள். மோர்க்குழம்புக்கும் அப்படியே: கெட்டித் தயிரைத் தண்ணீர் விடாமல் முதலில் அடித்து, அரிசி மாவோ கடலை மாவோ சேர்த்து, அப்புறம் தண்ணீர். மாவு இருந்தால் தயிர் சட்டென்று திரியாது. ஆனாலும் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

ஆம்லெட்டுக்கு நுரை பொங்க அடிக்க வேண்டியதில்லை, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றானால் போதும். நான்ஸ்டிக் பாத்திரத்தில் எவர்சில்வர் விஸ்க்கைப் போடாதீர்கள், சிலிக்கான் பூசியது வாங்குங்கள். வாங்கும்போது கம்பிகள் கைப்பிடிக்குள் நுழையும் இடம் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் அங்கே தண்ணீர் தங்கும், மாவு புளிக்கும், துரு பிடிக்கும். முட்டை அடித்த விஸ்க்கை வெந்நீரில் போட்டால் முட்டை கம்பியிலேயே வெந்து ஒட்டிவிடும். உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, அதன் பிறகு சோப்பு போட்டுக் கழுவி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.