மலேசியாவில் தொழுகை நேரம்: எங்கே தவறுகிறோம்?

மலேசியா முழுவதும் கடிகாரம் ஒன்றுதான். 1982 ஜனவரி 1 அன்று கோலாலம்பூர் இருக்கும் தீபகற்பம் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, கடலுக்கு அப்பால் போர்னியோவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. ஆனால் தொழுகைக்குக் கணக்கு சூரியன்தான். இதை மறப்பதால் வருவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

கோலாலம்பூருக்கும் சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவுக்கும் தீர்க்கரேகையில் 14 பாகைக்கு மேல் இடைவெளி. பாகைக்கு 4 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மார்ச் மாதம் கோலாலம்பூரில் மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) 7.25 வாக்கில் என்றால், கோத்தா கினபாலுவில் 6.25 வாக்கிலேயே பாங்கு சொல்லிவிடுவார்கள். விமானத்தில் போய் இறங்கியவரின் கைப்பேசிச் செயலியில் ஊர் இன்னும் கோலாலம்பூராகவே இருந்தால், அவர் 7.25க்கு ஒளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) செய்யப் போகும்போது மஃரிப் வக்து, அதாவது அந்தத் தொழுகைக்கான நேரம், முடியப் பத்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வரும்போது இதைவிட மோசம். ரமலானில் சபா நேரத்தைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால், கோலாலம்பூர் வானத்தில் வெயில் இருக்கும். அன்றைய நோன்பு போச்சு. விமானத்தை விட்டு இறங்கியதும் செயலியில் ஊரை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மாநிலத்துக்கு ஒரு நேரம் என்று நினைப்பதும் சரியல்ல. மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் வெளியிடும் இ-சோலாட் தொழுகை நேர அட்டவணை வட்டாரவாரியாகப் பிரிந்திருக்கிறது. பினாங்கு முழுவதும் ஒரே வட்டாரம். சபாவிலோ ஒன்பது, சரவாக்கிலும் ஒன்பது. கெடாவின் ஜெராய் மலைக்குத் தனி வட்டாரம் உண்டு, ஏனென்றால் உயரத்தில் சூரியன் முன்பே தெரியும், பிந்தியே மறையும். கெந்திங் மலைக்குப் போகிறவர்கள் கோலாலம்பூர் நேரத்தில் நோன்பு திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்தது ஸுப்ஹு, விடியற்காலைத் தொழுகை. 2019 கடைசியில், சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகையில் இருக்கும் நேரம் என்ற பழைய கணக்கை மலேசியா 18 பாகையாக மாற்றியது. அதனால் ஸுப்ஹு 8 நிமிடம் போலத் தள்ளிப்போனது. சமையலறைச் சுவரில் அதற்கு முந்தைய அட்டவணை ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். வக்து நுழையுமுன் தொழுத தொழுகை கூடாது. சிங்கப்பூர் இன்னும் 20 பாகையில்தான் கணக்கிடுகிறது. ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பாங்கைக் கேட்டு எழுந்து தொழ வேண்டாம்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களைக் குழப்புவது அஸர், மாலை நேரத் தொழுகை. திருச்சியிலிருந்து என் மாமா வந்திருந்தார். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தோம், நாலரைக்குச் சற்று முன் பாங்கு கேட்டது. கைப்பேசியை எடுத்து நீட்டி, “என்ன மாப்பிள்ளை, இதுல அஞ்சரைன்னுல்ல போட்டிருக்கு?” என்றார். அவர் செயலியில் ஹனஃபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) கணக்கு. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கானால்தான் அதில் அஸர் ஆரம்பம்; மலேசியாவில் ஷாஃபி முறை, ஒரு மடங்கு போதும். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம். ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) தவறிவிடும் என்று அவரை உடனே உள்ளே அழைத்துப் போனேன். இங்கே வந்தால் செயலியின் அமைப்பில் ஜாக்கிம் முறையையும் ஷாஃபியையும் தேர்ந்தெடுங்கள். மத்ஹபு பற்றிய கேள்வி இருந்தால் உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அட்டவணையில் இம்சாக், ஷுரூக் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இம்சாக் ஸுப்ஹுக்குப் பத்து நிமிடம் முந்திய எச்சரிக்கை மட்டுமே. அந்த நேரம் வந்ததும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட வேண்டியதில்லை, நோன்பு தொடங்குவது ஸுப்ஹில்தான். ஷுரூக் என்பது சூரிய உதயம், அதோடு ஸுப்ஹு வக்து முடிந்தது. அதைத் தொழுகை தொடங்கும் நேரமாக எடுத்துக்கொண்டு நிதானமாக எழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே, நேரம் பெரிதாக மாறாது என்று போன மாதத்து நேரத்தையே நினைவில் வைத்துக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூரில் நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்கு வரும் மஃரிப், பிப்ரவரியில் ஏழரையைத் தொட்டுவிடும்.