பழைய காரைத் துரு ஏறாமல் கழுவுவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய அம்பாசிடரையும் ஃபியட்டையும் இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "கழுவினால் துருப் பிடிக்குமா?" என்பதைத்தான். கழுவுவதால் பிடிக்காது. கழுவிய தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தங்கினால் பிடிக்கும். அதனால் கழுவ அரை மணி நேரம் என்றால், உலர்த்த ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வண்டிகளுக்கும் தனியாகச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. அடித்தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் போவது அழகு மட்டுமல்ல, வண்டியின் பலமும்தான்.

நேரமும் தண்ணீரும்

காலையில், வெயில் ஏறும் முன், நிழலில் கழுவுங்கள். பகல் முழுவதும் வண்டி காய நேரம் கிடைக்கும். சாயங்காலம் கழுவி ராத்திரி ஷெட்டில் விடுவது வேண்டவே வேண்டாம், அதுவும் பனி இறங்கும் மார்கழியில். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வண்டி நன்றாகவே காயும். ஆனால் தூசி பறக்கும், சுவர் மறைவாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய் இருக்கும். சேறு, தூசி போக முதலில் அலசுவதற்குப் போர்வெல்லிலிருந்து வரும் அந்த உப்புத் தண்ணீர் போதும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும், ஒரு பக்கெட் தாராளம். போர்வெல் தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதன் உப்பு தகட்டு இடுக்கிலேயே தங்கிவிடும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துத் துருவை வேகப்படுத்தும். பெயின்ட் மேல் வெள்ளைத் திட்டு விழுவதும் இதனால்தான். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

கழுவுதல்

கார் ஷாம்பு மட்டும் போடுங்கள். துணி சோப்புத் தூள் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். இரண்டு பக்கெட் வையுங்கள்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவு, மெத்தென்றும் இருக்கும். ஆனால் தையலும் லேபிளும் உள்ள துண்டுகளைப் பிரித்துப் போட்டுவிடுங்கள், அவை பெயின்டில் கோடு போடும்.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, பிரஷர் பைப்பால் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஐம்பது வருட ரப்பர் பீடிங் அந்த வேகத்தைத் தாங்காது. கண்ணாடி ஓரத்தில் புகுந்த தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்கு அடியில் போய் உட்காரும். அடியில் டீசல் அடிப்பதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போகும். மட்கார்டு உள்பக்கம் ஒட்டியிருக்கும் செம்மண்ணை மட்டும் விடக்கூடாது. அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சாதாரண ஹோஸில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள்.

எஞ்சின் பக்கம் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

உலர்த்துதல்

வெளியே துடைத்ததும் நான்கு கதவு, டிக்கி, பானெட் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். இனிமேல்தான் முக்கியமான வேலை.

கதவின் கீழ் விளிம்பில், உள்பக்கமாக, சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற அதுதான் வழி. தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து அது அடைத்திருக்கும். தென்னை ஈர்க்குச்சியை விட்டு மெதுவாகத் திருகுங்கள். முதலில் கருப்பாக ஒரு கட்டி வரும், பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் சொட்டும். சொட்டு நிற்கும்வரை விடுங்கள். கம்பி மட்டும் வேண்டாம், அது கீறிய இடத்திலேயே துரு தொடங்கும்.

அப்புறம் புளோயர் அல்லது கம்ப்ரசர் காற்றை மிதமாக வைத்து இந்த இடங்களில் ஊதுங்கள்: கூரையோர மழைக் காடி, முன் பின் கண்ணாடி ரப்பர், குரோம் பட்டைகளின் பின்பக்கம், பம்பர் இணைப்பு, ஹெட்லைட் வளையம், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளம். துடைத்து முடித்த பிறகும் இங்கிருந்து தண்ணீர் வருவதைப் பார்ப்பீர்கள்.

தரை மேட்டைத் தூக்கி, கார்பெட்டுக்கு அடியில் வெறும் கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. கார்பெட்டையே வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள்.

பிறகு வண்டியை எடுத்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். பொள்ளாச்சி ரோடோ அவினாசி ரோடோ, எது பக்கமோ அது. எஞ்சின் சூடும் காற்றும் சேர்ந்து கை எட்டாத இடங்களைக் காய வைக்கும். முதலில் மெதுவாகப் போய் இரண்டு மூன்று தடவை பிரேக் மிதியுங்கள். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் நனைந்திருந்தால் முதல் மிதியில் பிடிக்காது.

நிறுத்தும்போது

ஈர டிரம்மோடு ஹேண்ட்பிரேக் போட்டுச் சில நாள் விட்டால் பிரேக் ஷூ டிரம்மிலேயே ஒட்டிக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) மண் தரைதான் என்றால், தரை ஈரம் ஏறாமல் இருக்கக் கான்கிரீட் தளம் போடுவது நல்லது. பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்திக் கவரானாலும் மறுநாள்தான். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள்.

மெழுகு போடுவதாக இருந்தால் அதுவும் மறுநாளே. அப்போது மட்கார்டு விளிம்பிலும் கதவின் அடியிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தால் மேலே மெழுகு பூசி மறைக்க வேண்டாம். டிங்கரிடம் காட்டிச் சுரண்டி, பிரைமர் அடித்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருக்கும்போதே போனால், தகடு வெட்டி ஒட்டாமல் அதோடு முடியும்.